நல்லா இருந்த நாட்கள்

டாக்டர் கொடுத்த தாளில் ஒவ்வொரு நாளுக்கும் மூன்று கட்டங்கள் இருந்தன. 'நல்லா இருக்கா', 'பரவாயில்ல', 'முடியல'. எங்களுக்குப் புரிய வேண்டும் என்று வீட்டில் பேசுகிற மாதிரியே அவர் தன் கையால் எழுதிக் கோடு போட்டிருந்தார். அக்கா அன்றைக்கு எப்படி இருக்கிறாளோ அந்தக் கட்டத்தில் ஒரு டிக் போட வேண்டும். மாதம் ஒரு தாள்.

டிக் போடும் வேலை என்னுடையதாயிற்று. அம்மா விடுதிச் சமையலறையில் பாத்திரம் தேய்த்தாள். விடியும் முன் போய்ப் பிற்பகலில்தான் வருவாள். வீட்டில் எப்போதும் இருந்தது நான்தான். பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று சத்தமாகப் படிக்கச் சொன்னார்கள். நின்றேன், சத்தம் வரவில்லை. மறுநாளும் நின்றேன், வரவில்லை. மூன்றாம் நாள் பின் பெஞ்சிலிருந்து யாரோ ஆடு மாதிரிக் கத்தினார்கள். நான்காம் நாள் நான் போகவில்லை. அம்மா அடித்திருப்பாள். ஆனால் அதே மாதத்தில்தான் அக்கா முதல் தடவை படுத்தாள். "சரி, வீட்ல ஒரு ஆள் இருக்கட்டும்" என்று அம்மா சொல்லிவிட்டாள். அக்கா படுத்ததில் எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி இருந்தது. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வதில் அர்த்தமில்லை.

அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. திரைச்சீலை தைக்கும் கடையில் வேலை. கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு போகிறவள், அந்த நாடாவோடேயே வந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். நாடாவை நான்தான் கழற்றினேன். தேநீர் வைத்தால் ஆடை படிந்து அப்படியே இருக்கும். தலை சீவவில்லை. "எந்திரிக்கணும்னு நினைக்கிறேன்டி, அந்த நினைப்பு கால் வரைக்கும் போக மாட்டேங்குது" என்றாள்.

முதல் டாக்டர் ரத்தம் குறைவு என்று இரும்பு மாத்திரை கொடுத்தார். இரண்டாமவர் வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்தார். மூன்றாமவர் கழுத்துச் சுரப்பியைச் சந்தேகப்பட்டார். நான்காமவர் எதையும் பார்க்காமல், "கல்யாணம் பண்ணி வைங்கம்மா, எல்லாம் சரியாயிடும்" என்றார். வெளியே வந்ததும் அக்கா, "அவரே பண்ணிக்கிறாரான்னு கேட்டிருக்கலாம்" என்றாள். இரண்டு மாதத்தில் அவள் பேசிய முதல் வேடிக்கை அது. நானும் அம்மாவும் சாலை ஓரத்திலேயே நின்று சிரித்தோம்.

அதற்குப் பிறகு சில வாரத்தில் அவளாகவே எழுந்துவிட்டாள். ஒவ்வொரு முறையும் அப்படித்தான். எந்த மருந்துப் புட்டி தீரும்போது அவள் எழுந்தாளோ, அந்த மருந்துக்குப் பேர் கிடைத்தது. "அந்த இரும்பு மாத்திரதான் கேட்டுது" என்று அம்மா வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எழுந்தால் சும்மா எழ மாட்டாள். வீடே எழுந்துகொள்ளும். சமையலறைச் சுவருக்குப் பச்சை வண்ணம் அடிப்பாள். கடையில் மூன்று ஆள் செய்கிற வேலையை ஒருத்தியாகச் செய்வாள். முதலாளியம்மா எங்கள் வாசலில் நின்று, "உன் பெரிய பொண்ணுக்கு மோட்டார் எங்க இருக்குன்னு காட்டு, என் மிஷினுக்கும் ஒண்ணு மாட்டிக்கறேன்" என்பாள். அக்கா என்னைத் திரைப்படத்துக்குக் கூட்டிக்கொண்டு போவாள். ஒரே நாளில் இரண்டு படம். வழியில் முன்பின் தெரியாதவர்களிடம் பேசுவாள். அவர்களும் சிரித்துப் பேசுவார்கள். நான் அவள் முதுகுக்குப் பின்னால் நடப்பேன். அவள் பேசினால் போதும், நான் பேசின மாதிரி எனக்கு இருக்கும்.

அப்படி ஒரு நாள் தோளில் ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு வந்து என் முன்னால் கொட்டினாள். எல்லாம் நோட்டுகள். கோடு போட்டது, போடாதது, கெட்டி அட்டை. எண்ணிப் பார்த்தேன், அறுபது.

"ஏ எலி, இந்தா. வாயால பேச வரலேன்னா கையால பேசு."

"இத்தனையா அக்கா?"

"நீ பேசாம சேத்து வச்சிருக்கறதுக்கு இது பத்தாதுடி."

அவற்றைக் கட்டிலுக்குக் கீழே பழைய துணிப்பெட்டிக்குள் அடுக்கினேன். அன்றிலிருந்து எழுத ஆரம்பித்தேன். யாருக்கும் காட்டவில்லை. நான் எழுதியதெல்லாம் அக்காவின் நல்ல நாட்களைத்தான். அவள் படுத்துக் கிடக்கும் நாட்களை டாக்டர்களுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. என்ன சாப்பிட்டாள், எத்தனை நாள் குளிக்கவில்லை, என்ன சொல்லி அழுதாள் என்றெல்லாம் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி அம்மாவிடம் கொடுத்தனுப்புவேன். அது வியாதி, டாக்டருக்கு. நோட்டில் இருந்தது எனக்கு. இப்படிப் பிரித்துக்கொள்ள எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

மூன்று வருஷம் கழித்துத்தான் யாரோ சொல்லி ஒரு மனநல மருத்துவரிடம் போனோம். அவர்தான் அந்த மூன்று கட்டம் போட்ட டாக்டர். நல்ல மனிதர், எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார். மனச்சோர்வு என்றார். "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, வியாதி" என்று அம்மாவிடம் அவர் சொன்னபோது அக்கா அழுதாள். ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முதல் தாளில் 'முடியல' வரிசையாக இருபது நாள். அப்புறம் நாலு நாள் 'பரவாயில்ல'. அப்புறம் 'நல்லா இருக்கா', 'நல்லா இருக்கா', 'நல்லா இருக்கா'. டாக்டர் தாளைத் தூக்கிப் பிடித்துப் பார்த்து மலர்ந்துபோனார்.

"பாத்தீங்களா, மாத்திரை பிடிச்சிருச்சு. தூக்கமெல்லாம்?"

"தூங்கறதுக்கு எங்க சார் நேரம்? மூணு வருஷம் படுத்தே கெடந்தேனே, அந்தக் கணக்குல கழிச்சுக்கோங்க" என்றாள் அக்கா. அவரும் சிரித்துவிட்டார். அவள் கால் மேசைக்கடியில் ஆடிக்கொண்டே இருந்தது. மேசைமேல் இருந்த பேனா அதிர்ந்தது.

அவர் என் பக்கம் திரும்பி, "நீதானே டிக் போடறது? வேற ஏதாவது சொல்லணுமாம்மா?" என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

அதற்கு முந்தின இரவு நோட்டில் நான் எழுதியிருந்தது இது: 'நாலு நாளாக அக்கா தூங்கவில்லை. கண் கண்ணாடி மாதிரி இருக்கிறது. பேசுவது பாதி புரியவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. ஆனால் சொல்ல மாட்டேன். சொன்னால் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள், மறுபடியும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வாள். எனக்குப் பேச யாரும் இருக்க மாட்டார்கள்.'

தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி கிடையாது. அந்தப் பக்கத்தில் தேதியோடு இருக்கிறது.

அடுத்த வாரம் கடைக்கு ஒரு பெரிய வேலை வந்திருந்தது. ஒரு பள்ளிக்கூட அரங்கத்து மேடைக்குத் திரை. கருஞ்சிவப்பு வெல்வெட், ஆள் உயரத்துக்கு மூன்று சுருள். முதலாளியம்மா அளவெடுக்க வெளியூர் போயிருந்த நாள் பார்த்து அக்கா அதை வெட்டுமேசைமேல் விரித்தாள். சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டாள். இரவோடு இரவாக முழுத் துணியையும் ஜன்னல் அளவுக்கு வெட்டி, அடித் தையல் போட்டு, வளையம் கோர்த்து, ஒரு தள்ளுவண்டியில் ஏற்றி எங்கள் தெருவுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

"இந்தத் தெருவைப் பாருடி எலி. எல்லா ஜன்னலும் கண்ண முழிச்சுக்கிட்டு நிக்குது. பாவம். எல்லாருக்கும் இமை வச்சிரலாம்."

வீடு வீடாகப் போனோம். முக்காலியை நான் பிடித்துக்கொண்டேன். ஆணிகள் என் வாயில் இருந்தன. அவள் கை நீட்டினால் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பேன். யாருமே வேண்டாம் என்று சொல்லவில்லை. "காசு?" என்று கேட்டவர்களிடம், "காசு எதுக்கு, சூரியன் காசு கேக்குதா?" என்றாள். எதிர்வீட்டு அக்கா, "என்ன தங்கமான மனசு" என்று கன்னத்தைத் தடவினாள். சாயங்காலத்துக்குள் தெருவின் இரண்டு பக்கமும் கருஞ்சிவப்பாக நின்றது. அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. வீட்டுக்கு வந்து முகம் கழுவிவிட்டு அன்றைய கட்டத்தில் டிக் போட்டேன். நல்லா இருக்கா.

முதலாளியம்மா தெரு முனையில் வரும்போதே அவள் நடை நின்றுவிட்டது. ஜன்னல் ஜன்னலாகப் பார்த்தாள். வாசலில் வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடி பண்ணி வச்சிருக்கே?"

"அழகா இருக்கில்ல?"

"அது மேடைக்குடி. ஒரே துணி. நான் அந்தத் துணிய எங்க போய்த் தேடுவேன்?"

"மேடைல நாலு பேர் நடிப்பான். இங்க நாப்பது வீடு வாழுது. எது முக்கியம், சொல்லுங்க?"

முதலாளியம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "நீயுமா கூட இருந்தே? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது?" என்றாள். என் வாயில் இன்னும் இரண்டு ஆணிகள் இருந்த மாதிரி இருந்தது.

வேலை போயிற்று. திரையை ஒரு வீட்டுக்காரரும் திருப்பித் தரவில்லை. 'துணி வெட்டியாச்சு, இனி என்ன' என்றார்கள். அக்கா மூன்றாம் வாரம் சுவரைப் பார்த்துப் படுத்தாள். அம்மா டாக்டரிடம், "வேல போன கவலையில விழுந்துட்டா" என்றாள். எங்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டினார்.

இப்படி இன்னும் மூன்று வருஷம். விழுவாள், மாத்திரை கூடும், எழுவாள், பறப்பாள், மாத்திரையை அவளே நிறுத்துவாள், விழுவாள். நான் டிக் போட்டுக்கொண்டே இருந்தேன். தாள்கள் ஒரு கட்டு ஆகிவிட்டன. அறுபதில் முப்பத்தெட்டு நோட்டுகள் நிரம்பின.

ஒரு நாள் மத்தியானம் அம்மா வேலையிலிருந்து வருவதற்குள், நான் கடைக்குப் போயிருந்த நேரத்தில், அக்கா செய்யப் பார்த்ததை நான் எழுதப் போவதில்லை. அக்கம்பக்கத்தாரும் நானும் கதவை உடைத்தோம். அவள் பிழைத்தாள்.

பெரிய ஆஸ்பத்திரி வார்டில் ஒரு பெண் டாக்டர் இருந்தார். குள்ளமாக, மூக்குக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவைத்துக்கொண்டு அதையே தேடுகிற ஆள். அவர் என்னுடைய தாள் கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். 'முடியல'வைத் தாண்டிப் போனார். 'நல்லா இருக்கா'வில் விரலை வைத்தார்.

"நல்லா இருக்கான்னா எப்படி இருப்பாங்க?"

"நல்லா இருந்தா நல்லா இருப்பா டாக்டர், வேற என்ன?" என்றாள் அம்மா. "அவ நல்லா இருக்கும்போது அவள மாதிரி ஒருத்தி கிடையாது. வீடே கலகலன்னு இருக்கும்."

"எத்தனை மணி நேரம் தூங்குவாங்க?"

அம்மா என்னைப் பார்த்தாள். டாக்டரும் பார்த்தார். ஆறு வருஷத்தில் யாரும் இதைக் கேட்டதில்லை. கேட்ட ஒருவரும் வேடிக்கைக்குச் சிரித்துவிட்டார். நான் வாயைத் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் வராத அதே சத்தம் அங்கேயும் வரவில்லை. எழுந்து வெளியே போய்விட்டேன்.

"அவ அப்படித்தான் டாக்டர், கூச்சம்" என்று அம்மா சொல்வது கேட்டது.

பஸ் ஏறி வீட்டுக்குப் போனேன். துணிப்பெட்டியைத் திறந்து முப்பத்தெட்டையும் இரண்டு பையில் போட்டேன். அந்தப் பக்கம் எந்த நோட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். எடுத்துப் பிரித்து, அந்தத் தாளை மட்டும் கிழிக்க ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். மற்றவற்றைப் படித்தாலே போதுமே, இது எதற்கு என்று நினைத்தேன். ஆனால் எத்தனை நாள் தூங்கவில்லை என்று நாளைக் குறித்து எழுதியது அந்த ஒரு பக்கம்தான். மற்ற பக்கங்களில் எல்லாம் படமும் ஐஸ்கிரீமும் பச்சை வண்ணமும். தாளின் ஓரம் அரை விரல் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. அதற்கு மேல் கிழிக்கவில்லை. கோந்து போட்டு ஒட்டினேன். ஒட்டிய இடம் நன்றாகத் தெரிந்தது.

டாக்டர் பைகளைப் பார்த்து, "இது என்னம்மா, கடையா?" என்றார். முதல் நோட்டைத் திறந்து படித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு படித்தார். நர்ஸ் இரண்டு முறை வந்து கூப்பிட்டுவிட்டுப் போனாள்.

"இத்தனை நோட்டு எப்போ வாங்கினது?"

"ஒரே நாள்ல." குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. "மொத்தம் அறுபது."

"யாரு?"

"அக்கா."

அவர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு ஏதோ குறித்தார். ஒட்டிய பக்கம் வந்தது. அதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுவார் என்று நின்றேன். தேதியைப் பார்த்தார். தாள் கட்டில் அதே தேதியைத் தேடி எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"நல்ல வேளை, கொண்டு வந்தே" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அவர் அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். இது வெறும் மனச்சோர்வு இல்லை. அந்தப் பக்கம் ஒரு முனை, இந்தப் பக்கம் ஒரு முனை. படுப்பதும் வியாதி, பறப்பதும் அதே வியாதி. சோர்வுக்கான மாத்திரையை மட்டும் கொடுத்தால் சில பேரை அது பறக்கிற முனைக்குத் தள்ளிவிடும். பேர் பைபோலார். மருந்து வேறு, அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும், உடனே தெரியாது, பொறுக்க வேண்டும்.

வார்டுக்கு வந்ததும் அம்மா அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்னமோ பை போலங்கறாங்கடி. என்ன பைன்னு கேக்கறதுக்குள்ள போயிட்டாங்க" என்றாள்.

அக்கா கண்ணைத் திறக்காமலேயே, "சரியாத்தாம்மா சொல்லியிருக்காங்க. ரொம்பினா கிழியுது, காலியானாத் தொங்குது" என்றாள்.

அம்மா சிரிக்கப் போய் அழுதாள்.

மருந்து பிடிக்க நாலைந்து மாதம் ஆயிற்று. கை நடுங்கிற்று, தாகம் எடுத்தது, உடம்பு போட்டது. ஒரு வழியாக அவள் நடுவில் வந்து நின்றாள். வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாள் துணிப்பெட்டி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டாள். நோட்டுகள் டாக்டரிடம் இருந்தன.

"எல்லாத்தையும் குடுத்துட்டியா?"

தலையாட்டினேன்.

"படத்துக்குப் போனதெல்லாம் எழுதியிருந்தியா?"

"ம்."

"சுவருக்குப் பச்ச அடிச்சது?"

"ம்."

"தெருவுல திரை போட்டோமே, அன்னிக்கி?"

நான் காலிப் பெட்டிக்குள் பார்த்தேன். அவள் துணிப்பெட்டியின் மூடியை மூடி அதன்மேல் உட்கார்ந்தாள்.

"எனக்கு இருந்ததே அந்த நாளுங்கதான் எலி. மத்ததெல்லாம் சுவருதானே? அதையும் வியாதின்னு எழுதிக்கிட்டாங்களா?"

"முன்னாடியே குடுத்திருக்கணும் அக்கா. மூணு வருஷம் முன்னாடியே."

"நான் அதக் கேக்கல" என்றாள்.

நோட்டுகள் திரும்பி வந்தபோது பல பக்கங்களின் ஓரத்தில் டாக்டர் பென்சிலால் சின்னச் சின்னக் கோடு போட்டிருந்தார். எனக்குப் பிடித்த பக்கங்கள் எல்லாவற்றிலும் கோடு இருந்தது.

இப்போது முதலாளியம்மா அவளை அரை நாள் வேலைக்குச் சேர்த்துக்கொண்டிருக்கிறாள். வெட்டுமேசை கிடையாது. அடித் தையலும் இஸ்திரியும் மட்டும். "மோட்டாரக் கழட்டிட்டாங்களாடி? போகட்டும், ஆள் இருக்கியே, அது போதும்" என்றாளாம் முதல் நாள்.

தெருவில் அந்தத் திரைகள் இன்னும் சில வீடுகளில் தொங்குகின்றன. வெயில் பட்டுச் செங்கல் நிறமாகிவிட்டன. முதலில் அக்கா தலையைக் குனிந்துகொண்டே போய் வருவாள். போன வாரம் எதிர்வீட்டு ஜன்னலருகில் நின்று நிமிர்ந்து பார்த்தாள்.

"தையல் கோணல்."

"எனக்குத் தெரியல அக்கா."

"உனக்கு அன்னிக்கும் தெரியல. எனக்கும் தெரியல." கதவைத் தட்டி, திரையைக் கழற்றி வாங்கிக்கொண்டு வந்தாள். தையலைப் பிரித்து, அளவு நாடாவை வைத்து, கோடு போட்டு, நேராகத் தைத்து மாட்டிவிட்டு வந்தாள். ஒரு திரைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஆயிற்று. அப்புறம் இன்னொரு வீட்டை அவள் கேட்கவில்லை.

புது டாக்டரின் தாளில் 'நல்லா இருக்கா' கிடையாது. எத்தனை மணிக்குப் படுத்தாள், எத்தனை மணிக்கு எழுந்தாள், மாத்திரை போட்டாளா, வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினாளா என்று இருக்கிறது. அதை அக்காவே எழுதுகிறாள். நேற்று எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நின்றது.

"'வழக்கத்தைவிட'ன்னு போட்டிருக்காங்களே, என் வழக்கம் என்னடி? உங்கிட்டதான முப்பத்தெட்டு நோட்டு இருக்கு, பாத்துச் சொல்லு."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பழைய சிரிப்பு, தோள் குலுங்குகிற சிரிப்பு. அதைக் கேட்டு எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. நானும் கூடச் சிரித்தேன். ஆனால் என் கண் சுவர்க் கடிகாரத்துக்குப் போய்விட்டது. நேற்று எத்தனை மணிக்குத் தூங்கினாள், அதற்கு முந்தின நாள் எத்தனை மணிக்கு என்று மனசு ஓடிற்று. அவள் கால் மேசைக்கடியில் ஆடுகிறதா என்றும் பார்த்தேன்.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டாள். நான் பார்த்ததைப் பார்த்துவிட்டாள்.

"ஆடல எலி" என்றாள். "சும்மாதான் சிரிச்சேன்."

குனிந்து, தூங்கின நேரத்தை எழுதினாள். ஏழு மணி நேரம்.